என் இடது, உன் இடது

1

"இடதுன்னேன்!"

"எரியுதுன்னு நானும்தான் சொன்னேன்!"

"என்ன எரியுது? இடதா?"

"இடதுதான்! இன்னும் எத்தனை தடவை—"

"கத்தாத, தெருவே பார்க்குது—"

"பார்க்கட்டும்! ரொட்டிப் பையை மாட்டி மாட்டி இண்டிகேட்டர் குச்சியை முறிச்சது யாருன்னு தெருவுக்கும் தெரியட்டும். ஒரு வாரமா ஜன்னல் வழியா கையை நீட்டிட்டு ஓட்டினதையும் தெருதானே பார்த்துது?"

"இனிமே நீட்ட மாட்டேன். நான் என்ன பிச்சைக்காரனா? வலதைப் பாரு."

"வலதும் எரியுது. போதுமா? அங்க அடுப்பு காயுது."

"நீ கல்யாணத்துக்கு வர்றியா, இல்லையா?"

"உங்ககூட ஒரே வண்டியில மூணு மணி நேரமா? அடுப்பே தேவலை!"

இந்தக் கதையின் பூர்வீகத்தை மறைக்கப்போவதில்லை. திருட்டுதான். இன்று காலை பதினொரு மணிக்கு, என் பால்கனிக்கு நேர் கீழே, கீழ்வீட்டு டிரைவர் பகீத்தும் அவர் மனைவி நிஃமத்தும் போட்ட சண்டை இது. நான் செய்ததெல்லாம் மின்கட்டண ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டது மட்டும். எனக்குக் கதை எப்போதும் காதுவழியாகத்தான் வரும். முகம், சட்டை, வானத்தின் நிறம் இதெல்லாம் பிற்பாடு அழைக்காத விருந்தாளி மாதிரி வந்து சேரும். பல சமயம் வராது.

இப்போது மணி இரண்டு. ரசீதைப் பார்த்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். சின்னக் கதை. சிரிக்கலாம்.

2

தேறாத ஆரம்பங்கள்:

"பகீத்தின் பெஜோ காரில் ஏழு பேர் உட்காரலாம் என்று அரசாங்கம் சொல்கிறது, பகீத் அப்படிச் சொல்வதில்லை." [எங்கள் ஊர் கெனாவில் எல்லா டிரைவரைப் பற்றியும் இதைச் சொல்லியாயிற்று. வேண்டாம்.]

"கார் எலக்ட்ரீஷியன் லம்ஈ, பண்டிகைக்காக அஸ்யூத் ஊருக்குப் போயிருக்காவிட்டால்" [பாதியில் விட்டேன். ஊரில் இல்லாத ஆளை வைத்துக் கதை தொடங்கக் கூடாது.]

"வயர்கள் எல்லாம் டீ நிறத்தில் இருந்தன." [பரவாயில்லை. தொடரலாம்.]

வயர்கள் எல்லாம் டீ நிறத்தில் இருந்தன. காயலாங்கடையில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றி வாங்கிவந்த குச்சி. அதன் வாலாகத் தொங்கிய வயர்களில் ஒன்று ஒருகாலத்தில் வெள்ளை, ஒன்று மஞ்சள். முப்பது கோடைகள் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தன. பகீத் ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். கால்கள் கதவுக்கு வெளியே. நிஃமத் டார்ச் பிடித்தாள்.

"வெள்ளையைக் கொடு."

"இதுல எது வெள்ளை? இது வெள்ளையா இருந்ததெல்லாம் உங்கம்மா காலத்துல."

"எங்கம்மாவை வயருக்குள்ள இழுக்காத."

கடைசியில், ஏதோ ஒன்றில் ஏதோ ஒன்றை இணைப்பது, எரிய விட்டுப் பார்ப்பது, தப்பென்றால் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர் உள்ளே உட்கார்ந்து "இடது" என்று தள்ளினார். அவள் வெளியே நின்று "வலது எரியுது" என்றாள். வயர்களை மாற்றி இணைத்தார். மறுபடி "இடது" என்றார். அப்போதுதான் நீங்கள் மேலே கேட்ட சண்டை.

நிஃமத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஊசி வைத்துப் பேசுகிறவளை வாசகர் நம்புவாரா? இரண்டு ஊசியைப் பிடுங்கிவிடலாமா? [பிடுங்கவில்லை. அவள் அப்படித்தான்.]

திட்டம் இதுதான். குச்சி ஒட்டிக்கொள்ளும், புருஷன் பெண்டாட்டி ஒட்ட மாட்டார்கள். பகீத் அத்தைமார்களையும் கூரைமேல் சீர் மெத்தையையும் ஏற்றிக்கொண்டு கல்யாணத்துக்காக சஃபாகாவுக்குக் கிளம்புவார். நிஃமத் வீம்புக்கு வீட்டில் தங்கி ரொட்டி சுடுவாள். நாலு மணிக்கு அவர் கடற்கரை ஊரிலிருந்து போன் செய்து சமாதானம் பேசுவார். கட்டடத்திலேயே போன் இருப்பது என் வீட்டில் மட்டும்தான். அதையும் ஒட்டுக்கேட்டு எழுதிவிட்டால் முடிந்தது. முடிவு கையில் இருக்கும் கதையை எழுதுவது போல நிம்மதி வேறு கிடையாது.

3

புறப்பாடு:

"ஊருக்குள் இண்டிகேட்டர் போடும் டிரைவரை கெனா கண்டதில்லை. ஆனாலும் புது விசில் கிடைத்த குழந்தை மாதிரி, பகீத் தெருமுனையில் இடப்பக்கம் திரும்பக் குச்சியைத் தள்ளினார். வலப்பக்க விளக்கு மினுங்கியது."

[அடித்தேன். கை தவறிவிட்டது.]

"…இடப்பக்கம் திரும்பக் குச்சியைத் தள்ளினார். வலப்பக்க விளக்கு மினுங்கியது."

[மறுபடி அடித்தேன்.]

மூன்றாவது முறையும் அதே வார்த்தை வந்தபோது பேனாவை வைத்துவிட்டேன்.

கை தவறவில்லை. கண் பார்த்ததைக் கை எழுதியிருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு, பால்கனிக் கம்பியைப் பிடித்தபடி, வண்டி திரும்புவதை என் கண் பார்த்தது. நான் பார்க்கவில்லை. அந்த நொடியில் கீழே நிஃமத், போகிற வண்டியைப் பார்த்து, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுங்க, பண்ணாட்டியும் பரவாயில்லை!" என்று கத்தினாள். நல்ல வரி. நான் குனிந்து அதை ரசீதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

சண்டையை மறுபடி தலைக்குள் ஓடவிட்டேன். "எரியுது, இடதுதான்." நிஃமத் எங்கே நின்று சொன்னாள்? வண்டிக்கு முன்னால், வண்டியைப் பார்த்தபடி. அவர் உள்ளே, அவளைப் பார்த்தபடி. அவளுடைய இடது அவருடைய வலது.

முதலில் இணைத்ததுதான் சரி. மாற்றியதுதான் தப்பு.

4

இதற்கு ஏன் என்னைப் போல ஒரு கிழவி நடுங்க வேண்டும் என்று கேட்பவருக்கு சஃபாகா போகும் மலைப்பாதை தெரியாது. அங்கே இண்டிகேட்டர் திரும்புவதற்காக இல்லை, பின்னால் வருகிறவனோடு பேசுவதற்காக. எங்கள் ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் போகும். முன்வண்டி வலது மினுக்கினால், எதிரே காலி, முந்திப் போ. இடது மினுக்கினால், எதிரே வண்டி, வராதே. வளைவில் முன்னால் போகிறவனுக்குத் தெரிவது பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. இவன் அவன் கண்ணால்தான் பார்க்கிறான். முகம் தெரியாத லாரிக்காரனின் விளக்கை நம்பியே எல்லோரும் முந்துகிறோம். முன்னால் போவது சொந்த அப்பா என்றால் கேட்கவே வேண்டாம்.

பகீத்தின் மகன் தாஹி ஊர் எல்லையில் பெட்ரோல் பங்கில் காத்திருந்து, அப்பாவின் பின்னால் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. சின்ன ஃபியட். பக்கத்தில் அவன் மனைவி இன்ஷிராஹ். கல்யாணம் அவள் தம்பிக்குத்தான். அவள் மடியில் ஏழு மாதக் குழந்தை. பெஜோவின் கூரையில் கட்டிய மெத்தையைத் தாண்டி தாஹிக்கு எதுவும் தெரியாது. ஏற்றத்தில் பெஜோ ஊரும். பின்னாலேயே ஊர்ந்தால் ஃபியட் கொதித்துவிடும். அதனால் ஏற்றத்தில் தாஹி முந்திக்கொள்வான், உச்சியில் நின்று காத்திருப்பான். எப்போதும் அப்படித்தான். அப்பாவின் விளக்கு சொன்னதும்.*

* பகீத்துக்கு உள்ளேயிருந்து தெரியாதா? தெரியாது. டேஷ்போர்டில் ஒரே ஒரு பச்சை விளக்கு, இரண்டு பக்கத்துக்கும் பொது. டிக் டிக் என்ற சத்தமும் பொது. ஆயுள் முழுக்கக் காதை நம்பியவள் நான். அந்தச் சத்தத்தில் இடது வலது கிடையாது.

5

[இந்தப் பகுதி கதையில் இல்லை. நடந்துகொண்டிருக்கிறது.]

மணி இரண்டே முக்கால். எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, மலை தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் டீக்கடைக்கு லைன் கேட்டேன்.

"மெத்தை வெச்ச பெஜோவா? அம்மா, இது கல்யாண சீசன். இன்னிக்கு இந்த ரோட்டுல எல்லாமே மெத்தைதான்."

"பூப்போட்ட மெத்தை. பின்னாடி ஒரு வெள்ளை ஃபியட்."

"ஆங், அப்பனும் மகனும்! டீ குடிச்சாங்க. அந்தக் குழந்தை என் மீசையைப் பிடிச்சுகிட்டு விடவே இல்லை."

"இன்னும் அங்கதான் இருக்காங்களா?"

"போயி ஒரு மணி நேரமாச்சு. மேட்டுல இருப்பாங்க. ஏதாவது மறந்துட்டாங்களா?"

சொன்னேன். எதிர்முனையில் கண்ணாடி டம்ளர்கள் கழுவும் சத்தம் நின்றது.

"மாத்தியா? இடதுக்கு வலதா?"

"ஆமா."

"பின்னாடி வர்றவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இறைவா. இப்போ ஒரு மீன் வண்டி கிளம்புது. காலியா போறான், வேகமா போவான். சொல்லி விடறேன். ஆனா அம்மா, ஒரு மணி நேரம்னா—"

வாக்கியத்தை முடிக்காமலே போனை வைத்துவிட்டார்.

கீழே இறங்கி நிஃமத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு முறை படி வரைக்கும் போனேன். அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை வந்தது. அவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள், சண்டை போட்ட நாட்களில் அவள் குரல் நன்றாக இருக்கும். திரும்பி வந்துவிட்டேன். நான் பார்த்தது பொய்யென்றால் அவளை வீணாகக் கொன்றவள் ஆவேன். நிஜமென்றால்

6

முடிவுகள். என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்.

அ. பகீத் ஒரு வாரமாகக் கையை நீட்டிப் பழகியவர். எதிரே லாரியைப் பார்த்ததும் குச்சியை மறந்து, பழைய ஞாபகத்தில் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நில் என்று காட்டுகிறார். தாஹி நிற்கிறான். இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் முதல் பகுதியில் அவர் "இனிமே நீட்ட மாட்டேன்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறார். திரும்பிப் போய் அந்த வரியை அடித்துப் பார்த்தேன். ஒரு வரியை அடித்தால் ஒரு ஃபியட் பிழைக்கும் என்றால் யார்தான் அடிக்க மாட்டார்கள்? [திருப்பிப் போட்டுவிட்டேன். அவர் சொன்னதை நான் கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள்.]

ஆ. என் வலது கண்ணில் புரை. அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. நான் பார்த்தது விளக்கே இல்லை, கண்ணாடியில் பட்ட வெயில். என் கண் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இதுவரை நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. ஆனால் வெயில் விட்டு விட்டு மினுங்காது.

இ. மூன்றாவது வளைவு. எதிரே சிமெண்ட் லாரி. பகீத் பார்த்துவிட்டார். வராதே மகனே என்று குச்சியை இடப்பக்கம் தள்ளினார். பின்னால் ஃபியட்டில் இன்ஷிராஹ், "மாமா வரச் சொல்றார் பாருங்க" என்றாள். தாஹி

[இல்லை.]

அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. பெயரோடு நிற்கட்டும். அடுத்த வார்த்தை வராதவரை அவனுக்கு ஒன்றும் ஆகாது. ஈ என்று ஒரு முடிவு உங்களிடம் இருந்தால் கொடுங்கள். நன்றாக எழுதியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எல்லோரும் சஃபாகாவில் டீ குடிப்பதாக இருந்தால் போதும்.

7

நாலு மணிக்கு நிஃமத் மேலே வந்தாள், தட்டு நிறைய ரொட்டியோடு. இப்போது நாலு நாற்பது. அவள் பேசப் பேச எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிக்கொண்டே பேசுவது அவளுக்குப் பழக்கம்தான்.

"இன்னும் போன் பண்ணலையே, அப்லா." அக்காவை மரியாதையாக அழைக்க அவளுக்கு அப்லாதான்.

"டெலிபோன் ஆபீஸ்ல வரிசை நிக்கும்."

"வரிசையாவது. வீம்பு! முப்பத்தோரு வருஷமா பார்க்கறேன். நான் அழணும்னு உட்கார்ந்திருப்பார். சாப்பிடுங்க, சூடு ஆறுது. என்ன எழுதறீங்க, எங்க சண்டையா?"

"ஆமா."

"அப்போ ஒழுங்கா எழுதுங்க. குச்சி சரியானது என்னாலதான். அவர் சும்மா கீழ படுத்துக்கிட்டு எங்க மாமியாருக்காக வருத்தப்பட்டார். முதல்ல தப்பா மாட்டினார். நான்தான் கண்டுபிடிச்சேன்."

"எழுதிட்டேன்."

"எப்படிக் கண்டுபிடிச்சேன்னு எழுதினீங்களா? இருங்க, காட்டறேன். நீங்க அப்படியே உட்காருங்க. நீங்கதான் அவர். மீசை இருக்கறதா நினைச்சுக்கங்க." ரொட்டித் தட்டை என் மடியில், தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். "இது ஸ்டியரிங்." நாலடி தள்ளிப் போய், எனக்கு எதிரே, என்னைப் பார்த்து நின்றாள். "இப்போ நீங்க இடதுன்னு சொல்லணும்."

நான் தாளைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"சொல்லுங்க அப்லா, கூச்சமா? சரி, சொல்லிட்டீங்க. உடனே நான் இந்தப் பக்கம் எரியறதைப் பார்த்தேன்—"

அவளுடைய இடது கை உயர்ந்தது. விரல்களை மினுங்குகிற மாதிரி மூடித் திறந்தாள், ஒருமுறை, இரண்டுமுறை. மூன்றாவது முறை விரல்கள் திறக்கவில்லை. உயர்ந்த தன் கையைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே, அதே பக்கத்தில், பேனா பிடித்திருக்கும் என் வலது கையைப் பார்த்தாள்.

எங்களுக்கு நடுவில் போன் இருக்கிறது. அது அடிக்கவில்லை.

"அப்லா, நீங்க பால்கனியில நின்னீங்களே. அவர் முனையில திரும்பறப்போ எந்தப் பக்கம் எரிஞ்சுது?"