அடங்காத சிவப்பு

1

இந்தக் கதை என் வலது கண்ணில் தொடங்கியது. புரை எடுத்த பிறகு சிவப்பு அடங்காமல் ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருந்த நாட்களில், டாக்டர் ஷமீம் பானுவிடம் சும்மா கேட்டு வைத்தேன்: "இந்தச் சொட்டு மருந்தெல்லாம் வராத காலத்துல என்ன செஞ்சாங்க?"

அவர் விளக்கை என் கண்ணில் பாய்ச்சியபடியே சொன்னார். "பாலைக் கொதிக்க வச்சு ஊசியில ஏத்துவாங்களாம். காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சல்ல கண்ணு தேறுமாம். சில பேருக்கு."

அந்தச் சில பேரில் ஒருத்தியை வீடு திரும்பும் வழியிலேயே கண்டுகொண்டேன். பெயர் உலகம்மை. ஊர் வடகரை. காலம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அப்படி ஒருத்தி இருந்தாளா என்று கேட்காதீர்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறேன். அவள் எனக்கு நன்றாகத் தெரிகிறாள்.

2

முதல் தொடக்கம்: "மொட்டையாக நின்ற தென்காசிக் கோபுரத்தின் மேல் சாரல்—" (அடித்துவிட்டேன். உலகம்மையின் கண்ணுக்கு அப்போது கோபுரமே தெரியாது.)

இரண்டாவது: "சொரிமுத்துவுக்கு அவன் மனைவிகள் இருவரும் இரண்டு கண்களைப் போல—" (இதையும் அடித்தேன். கண்ணைப் பற்றிய கதையில் இந்த உவமை கூப்பிடாமலே வந்து உட்காரும். எழுப்பிவிட வேண்டும்.)

நடந்ததை நேராகச் சொல்கிறேன். சொரிமுத்துவின் மூத்தாள் உலகம்மை. பிள்ளை இல்லை என்று அவளே கடையம் போய்ப் பெண் கேட்டு, பாலம்மாளை இளையாளாகக் கூட்டிவந்தாள். கூட்டிவந்த பிறகு அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாலம்மாளுக்கும் பிள்ளை பிறக்கவில்லை. சொரிமுத்து போய்ச் சேர்ந்தான். வயலும் ஒரு பசுவும், ஒரே வீட்டுக்குள் இரண்டு அடுப்பும் மிஞ்சின. பேச்சு என்றால் மடைத் தண்ணீர், நாற்று, அவ்வளவுதான்.

உலகம்மைக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. தென்காசியில் டாக்டர் முத்துக்குமாரசாமி முதலில் வலது கண்ணில் கத்தி வைத்தார். கட்டு அவிழ்த்த அன்று முகத்துக்கு நேரே அசைந்ததைக் "கை" என்று சரியாகச் சொன்னாள். கொஞ்ச நாளிலேயே அந்தக் கண் சிவந்தது. வெளிச்சம் பட்டால் குத்தியது. நீர் வடிந்தது. சிவப்பு ஒரு நாள் வெளிறும். போய்விட்டது என்று நினைக்கும்போது இன்னும் கறுத்துத் திரும்பி வரும். வாரங்கள் மாதங்களாயின.

மருந்து விடவும், வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் பாலம்மாளைத் தவிர யாருமில்லை.

3

இங்கேதான் நான் பாலம்மாளைச் சந்தேகப்பட்டேன். முதல் பிரதியில் அவள் மருந்தைக் கொட்டிவிட்டு வெறும் தண்ணீரை விடுகிறாள். கதைக்கு அது வசதி. சிவப்பு ஏன் அடங்கவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். மளமளவென்று எழுதிக்கொண்டே போனேன். பாலம்மாள் குனிந்தாள். உலகம்மையின் இமைகளை இரண்டு விரலால் பிரித்து—

அப்படியே நின்றுவிட்டாள்.

மருந்தின் வேகத்தில் கண்மணி அகல விரிந்திருந்தது. சிவப்புக்கு நடுவே கறுத்துக் கிடந்த அந்த வட்டத்தில் ஒரு சின்ன முகம் அசைந்தது. தன் முகம்தான். இவ்வளவு சின்ன இடத்துக்குள்ளா மலையும் வயலும் மழையும் போய்ச் சேர்கின்றன என்று பாலம்மாளுக்கு உடம்பு சிலிர்த்தது.

"என்னட்டி பாக்க?" என்றாள் உலகம்மை.

"ஒண்ணுமில்லக்கா. என் மூஞ்சி தெரியுது."

"என் கண்ணுல எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்காவது தெரியுதே. மருந்தை விடு."

அதுவரை எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அப்படி வியந்து நிற்கிறவளால் வஞ்சகம் செய்ய முடியாது என்று நான் சாதிக்கவில்லை. அவளைச் செய்ய வைக்க என்னால் முடியவில்லை.

4

டாக்டர் முத்துக்குமாரசாமி பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"புரையில ஒரு துணுக்கு உள்ளயே தங்கிப்போச்சும்மா. உடம்பு அதை எதிரியா நெனச்சு மல்லுக்கு நிக்குது. இப்படியே விட்டா நாளைக்கு மத்த கண்ணும் இதே மாதிரி சிவந்துரும். பேசாம இந்தக் கண்ணை எடுத்துரலாம்."

பாலம்மாள்தான் கேட்டாள்: "வேற வழியே இல்லியா, ஐயா?"

"ஒண்ணு இருக்கு. பாலைக் காய்ச்சி இடுப்புல ஊசி போடணும். காய்ச்சல் தூக்கிப் போடும். தேறலாம், தேறாமலும் போவலாம்."

"யாரு வீட்டுப் பாலு?" என்றாள் உலகம்மை.

டாக்டர் சிரித்துவிட்டார். "எந்தப் பாலா இருந்தா என்ன?"

"என் உடம்புக்குள்ளல்லா போவுது. எங்க மாட்டுப் பாலுதான் போவணும்."

(இடைக்குறிப்பு: காய்ச்சல் வந்தால் கண் ஏன் தேறுகிறது? ஷமீம் பானுவிடம் கேட்டேன். உடம்பு வேறொரு சண்டைக்குத் திரும்பிவிடுவதாக நினைத்தார்களாம். "முழுசா யாருக்குத் தெரியும்?" என்றார். தெரியாமலே கொடுத்து, தெரியாமலே தேறியிருக்கிறார்கள். நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கிறது.)

பாலம்மாள் விடியலில் கறந்த பாலைத் தூக்குச்சட்டியில் மூடி, வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். கம்பவுண்டர் அய்யாக்குட்டி அதைக் கொதிக்க வைத்தார். உச்சிப்பொழுதுக்குள் உலகம்மைக்குப் பற்கள் தந்தியடித்தன. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பாலம்மாள் மேலே சாய்ந்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, உன்னைக் கூட்டிட்டு வந்தவ நாந்தான."

"இப்பப் பேசாதக்கா."

"கூட்டிட்டு வந்து உன்னைத் தனியா விட்டுட்டேன்."

(பாலம்மாள் என்ன சொன்னாள்? விதவிதமாக எழுதிப் பார்த்தேன். "நானே இங்கன பிள்ளையில்லாம—", "அதுக்கென்னக்கா, இப்ப—" எதுவும் நிலைக்கவில்லை. அவள் போர்வையை உலகம்மையின் கால்வரை இழுத்துவிட்டாள். அது மட்டும் நின்றது.)

காய்ச்சல் இறங்கி வியர்த்த பிறகு டாக்டர் இமையைப் பிரித்தார். "அய்யாக்குட்டி, விளக்கைக் கிட்டக் கொண்டாரும்" என்றார். மறுபடியும் பார்த்தார். செங்கல் நிறம் வெளிறத் தொடங்கியிருந்தது. படித்த மனிதர், ஆனாலும் நம்பாமல் விளக்கைத் தன் கையில் வாங்கி இன்னொரு முறை பார்த்தார்.

இன்னும் சில ஊசிகள், சில காய்ச்சல்கள். ஆடி பிறந்தபோது வெள்ளை விழி வெள்ளையாக இருந்தது. கண்ணை எடுக்க வேண்டியதில்லை என்று சொல்லி, தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்.

5

"அருவியில குளிக்கப்பிடாது. தள்ளி நின்னு பாரு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். குற்றாலத்தில் வண்டியை நிறுத்தினார்கள். பேரருவி பாறையில் மோதி உடைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

உலகம்மை கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, தண்ணி என்ன இப்பிடி நீலமா விழுது?"

"வெள்ளையாத்தானக்கா விழுது."

உலகம்மை வலது கண்ணைக் கையால் மூடினாள். பிறகு இடது கண்ணை மூடினாள். "புரை இருக்க கண்ணுக்கு மங்கலா, பழைய வேட்டி மாதிரி மஞ்சளாத் தெரியுது. இந்தக் கண்ணுக்கு நீலம். உனக்கு வெள்ளை. எதுட்டி நெசம்?"

(புரையோடு சேர்த்து விழி வில்லையை எடுத்த கண்ணுக்கு நீலம் கூடுதலாகத் தெரியும். இதுவும் ஷமீம் பானு சொன்னதுதான். உலகம்மையிடம் இதைச் சொல்ல யாருமில்லை. நல்லதாகப் போயிற்று.)

பாலம்மாள் அருவியையே பார்த்தாள். "எதா இருந்தா என்னக்கா. விழுதுல்லா."

"இந்தா, நீயும் போட்டுப் பாரு."

பாலம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மலையும் ஆட்களும் கரைந்துபோய், இரைச்சலும் வெளிச்சமுமாக ஏதோ ஒன்று அவள்மேல் சாய்ந்து வந்தது. "யாத்தே!" என்று உலகம்மையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அடுத்த வருஷச் சாரலில் சிவப்பு திரும்பி வருகிறது, கண்ணை எடுத்துவிடுகிறார்கள். மற்றதில் சாகும்வரை அந்தக் கண் அவளை வயலுக்குக் கூட்டிப்போகிறது. இரண்டும் நடக்கக்கூடியவைதான். ஆனால் எதை எடுத்தாலும் உலகம்மை அங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

"வண்டிக்காரரு கூப்பிடுதாரு, போவமாக்கா?"

"செத்த நில்லுட்டி."

கண்ணாடியைத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீலமாக விழுகிறது. எனக்கு அவளைக் கூப்பிட மனம் வரவில்லை. உங்களுக்கு வந்தால், நீங்கள் கூப்பிடுங்கள்.