நடுவில் கொஞ்சம் இடம்

கராஜின் சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு நோரீன் நீல டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற கேம்பர் என்ற குட்டி வீட்டை வாங்க நினைப்பவர்கள் அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான். விளம்பரத் தாளில் உள்ள அளவுகளைத் தரையில் டேப்பால் வரைந்து, அதற்குள் நின்று, நடந்து, உட்கார்ந்து காப்பி குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புவார்கள். அவள் இரண்டு படம் போட்டாள். ஒன்று சாதாரண கேம்பர். அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே ஓர் ஆள் போகிற சந்து. இன்னொன்று ஸ்லைடு-அவுட் வைத்தது. வண்டியை நிறுத்திப் பொத்தானை அழுத்தினால் மேசை, இருக்கை எல்லாவற்றோடும் பக்கச் சுவர் வெளியே நகர்ந்து போகும். நடுவில் நாலு பேர் நிற்கத் தரை கிடைக்கும்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவள் கணவன் மெர்ல் பார்த்துக்கொண்டிருந்தான். தொடைமேல் வைத்த வலது கை தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஐடஹோ மலைச்சாலைகளில் பனியும் சரளையும் தள்ளுகிற கிரேடரை வேலைக்காலம் முழுக்க ஓட்டிய கை. பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர் பெயர் சொன்ன பிறகு அவன் கிரேடரைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

"இத்துனூண்டு தரைக்காக ஒரு மோட்டாரு, ஒரு ரப்பரு, ஒழுகுறதுக்கு ஒரு ஓட்டை. எதுக்கு? உள்ள டான்ஸ் ஆடப் போறோமா?"

"ஆடுனா என்ன? கல்யாணத்தன்னிக்கே என் காலை மிதிச்சவன்தானே நீ."

"நம்ம வண்டி தாங்காது, நோரி."

"தாங்கும். எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு வண்டிக் கதவோரத்து ஸ்டிக்கர்ல பாத்துட்டேன். தண்ணி, கேஸு, நாம ரெண்டு பேரு, உன் துப்பாக்கி எல்லாம் சேத்துத்தான் சொல்றேன். காலி கேம்பர் எடையைப் பாத்து ஏமாற நான் என்ன விவரம் தெரியாத கலிபோர்னியாக்காரியா?"

மெர்ல் சிரித்துவிட்டான். எடை என்ற சாக்கு அத்தோடு போயிற்று.

அவளுடைய காரணத்தை அவளும் சொல்லவில்லை. வசந்தத்தில் ஒருநாள் அவன் குளியலறையில், தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே விழுந்துவிட்டான். அவளால் பக்கத்தில் போய்க் குனியக்கூட முடியவில்லை. தீயணைப்பு நிலையத்துப் பையன்கள் இரண்டு பேர் வந்து, சட்டையில்லாமல் கிடந்தவனைத் தூக்கி உட்காரவைத்தார்கள். ஒருவனுடைய அப்பா மெர்லோடு வேலை பார்த்தவர். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்டோபர்தோறும் வேட்டைக்குப் போகிற லெம்ஹை மலையில் யாருமில்லாத இடத்தில் அவன் விழுந்தால் கூப்பிட யார் இருக்கிறார்கள்? தூக்க அவளுக்கு இடம் வேண்டும். இடமில்லாத கேம்பர் என்றால் இந்த அக்டோபரில் மலைக்குப் போவதில்லை. அடுத்த அக்டோபரைப் பற்றி டாக்டர் வாயே திறக்கவில்லை. போகாமல் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பனிக்குக் காத்திருந்தால் அவன் நோயினால் அல்ல, அதனாலேயே போய்விடுவான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"எந்திரி. பெரிய படத்துல நடந்து காட்டு."

எழுந்தான். வீட்டில் சில நாட்களில் சமையலறை நடுவே கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவான். இங்கே அப்படி ஒன்றுமில்லை. நீலக் கோடுகளை ஒவ்வொன்றாகத் தாண்டினான், திரும்பினான், நிமிர்ந்து நடந்து வந்தான். நோரீனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! இடம் இருந்தா எப்படி நடக்குற பாரு!"

மெர்ல் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். "சரி, உன் இஷ்டம்" என்றான்.

இத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லையே என்று அவளுக்கு உறைத்தது. ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் கேட்காமல் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை கடைக்குப் போனார்கள். கேம்பர்கள் வரிசையாக நின்ற திடலில் காற்று புழுதியை வாரி அடித்தது. விற்பனையாள் கிளின்ட் ஏறிப் பொத்தானை அழுத்த, சுவர் முனகிக்கொண்டே வெளியே போனது. "நிதானமாப் பாருங்க சார், பக்கத்து வண்டியும் திறந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். மெர்ல் கைப்பிடியைப் பற்றி உள்ளே ஏறினான். இரண்டு எட்டு வைத்தான். புதுத் தரை பளபளவென்று விரிந்து கிடந்தது.

அதன் நடுவில் அவன் நின்றுவிட்டான். குதிகால்கள் நடுங்கின; பாதங்கள் பெயரவில்லை. உடம்பு மட்டும் முன்னால் சாய்ந்தது. இரண்டு கைகளும் பிடிக்க எதையோ தேடின. எட்டுகிற தூரத்தில் ஒன்றுமில்லை. நோரீன் பாய்ந்து அவன் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு? வீட்ல நல்லாத்தானே நடந்த?"

"அங்க டேப் இருந்துச்சு."

"டேப்பா?"

"கோடு கண்ணுல பட்டா கால் தானாத் தூக்குது. வெறும் தரைன்னா அதுக்கு எங்க போறதுன்னு தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் சொல்லல?"

"நீ அவ்ளோ சந்தோஷமா இருந்த, நோரி."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. தானே டேப்பை ஒட்டி, தானே ஏமாந்திருக்கிறாள். அவனைக் கைத்தாங்கலாக இறக்கி, பக்கத்தில் இருந்த ஸ்லைடு-அவுட் இல்லாத கேம்பருக்குள் ஏற்றினாள். அவன் இடது கையை அடுப்பு மேடையிலும் வலது கையை மேசை விளிம்பிலும் வைத்தான். படுக்கை வரைக்கும் தங்குதடையில்லாமல் போய்த் திரும்பி நின்றான். முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"இங்க விழ இடமே இல்ல. இப்படிச் சாஞ்சா அலமாரி, அப்படிச் சாஞ்சா மேசை. வீடே என்னைப் பிடிச்சுக்குது."

"குளிக்கிற ரூம்லயும் இடமில்லதான். விழலையா?"

அந்தப் பேச்சை அவள் அதுவரை எடுத்ததே இல்லை. மெர்லின் முகம் கறுத்தது. சொன்னதற்காக அவள் வருத்தப்பட்டாள். ஆனால் சொன்னது பொய்யில்லை.

நோரீன் மேல்கோட்டைக் கழற்றி மேசையில் போட்டாள். குனிந்து, உட்கார்ந்து, அந்தச் சந்தில் மல்லாந்து படுத்தாள். தோள்கள் இரண்டு பக்கமும் முட்டின.

"என்ன பண்ற நீ?"

"நான்தான் நீ. விழுந்துட்டேன். இப்ப தூக்கு."

"பைத்தியமா உனக்கு? அந்தக் கடைப் பையன் வரப் போறான்."

"வரட்டும். தூக்கு."

அவன் அவளைச் சுற்றி வரப் பார்த்தான், வழியில்லை. கதவு அவள் தலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவளைத் தாண்டாமல் அவனால் வெளியே போகவும் முடியாது. வெளியே சரளையில் காலடிச் சத்தம் கேட்டது.

"எல்லாம் ஓகேவா மேடம்?"

"கொஞ்சம் இரு தம்பி" என்றாள் தரையிலிருந்து. "பேசிட்டு இருக்கோம்."

மெர்ல் மேடையை ஒரு கையாலும் மேசையை ஒரு கையாலும் இறுக்கிப் பிடித்தான். கொஞ்சங்கொஞ்சமாக இறங்கினான். முட்டி மடிய மடிய அவன் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது. கடைசியில் அவள் பாதங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டி போட்டு நின்றான். மேசையை விட்டுவிட்டு, ஆடுகிற அந்த வலது கையை அவளை நோக்கி நீட்டினான். அவள் எட்டிப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்தார்கள். அவன் அவளைத் தூக்குகிறானா, தன் பாரத்தால் அவள்தான் அவனைக் கீழே இழுக்கிறாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை விடவும் இல்லை.