ஆடாமல் எடுத்த படம்

பாரீசில் பன்னிரண்டு நாள் ஸ்கேன் பயிற்சி முடித்துத் திரும்பியதிலிருந்து டாக்டர் கோபிநாத் நோயாளியின் கையைப் பார்ப்பதில்லை. மூளையே படமாக வரும்போது கை எதற்கு? 'பார்க்கின்சன் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று படத்திலேயே அளப்பேன்' என்று 2006-இல் புதுச்சேரியில் அவர் பேசாத மேடையில்லை. வீட்டில் ஒரு பீரோ நிறைய சால்வை.

மருத்துவக் குழுத் தலைவரான அவரிடம்தான் சுகாதாரத் துறை அம்பாசடர் டிரைவர் யூஜினின் மனு வந்தது. கை நடுங்குகிறது, யார் மேலாவது ஏற்றிவிடுவேன், ஆபீசுக்குள் ஏதாவது வேலை கொடுங்கள்.

"மெஸ்யே யூஜின், ஸ்கேன் சொல்லட்டும்" என்றார் டாக்டர், பிரெஞ்சு மரியாதையோடு.

ஸ்கேன் சொல்லவில்லை. உடம்பு ஆடியதில் படம் கலங்கிவிட்டது.

"ஆடாம படுக்கத் தெரியாதாய்யா?"

"தெரிஞ்சா இங்க ஏன் சார் வரேன்?"

தூக்க ஊசி போட்டார்கள். யூஜின் அரைமணி நேரம் கல்லாகக் கிடந்தார். தூங்கினால் அந்த நடுக்கம் அடங்கிவிடும் என்பது அவர் மனைவி சூசைமேரிக்கு மூன்று வருஷமாகத் தெரியும். பயிற்சியில் சொல்லவில்லை போலிருக்கிறது. சான்றிதழ் வந்தது: 'படம் தெளிவு. கடைசிவரை நடுக்கமில்லை. நோயின் கடுமை: பூஜ்யம். வண்டி ஓட்டலாம்.'

சூசைமேரி குருசுக்குப்பத்திலிருந்து நேராக வந்து நின்றாள்.

"தூங்க வெச்சிட்டு ஆடலன்னு எழுதிட்டீங்களே டாக்டரு?"

"படம் பொய் சொல்லாதும்மா. உன் வீட்டுக்காரர்தான் நடிக்கிறார்."

"அப்ப படத்தக் குடுங்க. காலைல அவரு சட்டைக்கு அதுவே பட்டன் போட்டு உடட்டும்."

"வெளிய போ!"

திங்கட்கிழமை பிள்ளைச்சாவடியில் நரம்பியல் முகாம். தலைமை, டாக்டர் கோபிநாத். வண்டி, யூஜின்.

டாக்டர் தோளில் சால்வையோடு பின்சீட்டில் சாய்ந்தார். முன்னால் டக்கடக்கடக்கென்று ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தார். யூஜினின் கையிலிருந்த சாவி துவாரத்தைத் தேடி டேஷ்போர்டெங்கும் கொத்திக்கொண்டிருந்தது. பாரீசுக்குப் பிறகு அவர் பார்த்த முதல் கை அதுதான்.

"நிறுத்து! நான் ஆட்டோல போய்க்கிறேன்."

"ஏன் சார்? பூஜ்யம்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? உக்காருங்க, ஈசிஆர்ல ஒரே மிதி."

டாக்டர் இறங்கிய வேகத்தில் சால்வை கதவில் மாட்டிக்கொண்டது.

மாலையே புதுச் சான்றிதழ் வந்தது: 'அதே படத்தை மறுபடி நுணுக்கமாக ஆராய்ந்ததில், நோயின் கடுமை: மிக அதிகம். வண்டி ஓட்டக் கூடாது.' கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.