கூடையில் போட்ட பச்சைக்காய்

நெல்லியாம்பதி மலைச்சரிவில் நின்றுகொண்டு மாரப்பன் காப்பிச் செடியிலிருந்து ஒரு கை பச்சைக்காயை உருவினார். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே கொட்டை தோலோடு ஒட்டிக்கொண்டு பிதுங்க மாட்டேன் என்றது. பழத்துக்கும் காய்க்கும் இதுதான் வித்தியாசம் போலிருக்கிறது என்று தலையாட்டிக்கொண்டார். எலப்புள்ளியில் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்த குடும்பம் அவருடையது. கொல்லங்கோட்டுக்கு மேலே மலையில் கொஞ்சம் இடம் கைக்கு வந்திருந்தது. அதில் காப்பி வைக்கும் ஆசையில், வெள்ளைக்காரத் துரையின் தோட்டத்துக்குத் தொழில் கற்றுக்கொள்ள வந்திருந்தார். மிச்சக் காய்களை என்ன செய்வது? விளைந்ததை மண்ணில் எறிந்தால் லட்சுமி போய்விடுவாள் என்று கேட்டு வளர்ந்த மனிதர். பக்கத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த குருவம்மாளின் கூடையில் பதனமாகப் போட்டார். அவள் மேல்கொப்பை வளைத்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை.

அதன்பிறகு பகலெல்லாம் கங்காணி பெரியமுத்து அவரை விட்டு நகரவில்லை. துரை சொல்லிவிட்ட விருந்தாளி, மரியாதைக்குக் கேட்க வேண்டுமா. பழத்தை அன்றன்றே இயந்திரத்தில் தோலுரிக்க வேண்டும், கொட்டையைத் தொட்டியில் ஊறவிட்டு வழவழப்பு விட்டதும் கழுவ வேண்டும், களத்தில் காயும்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பாடம் நடந்தது. தங்கமான மனுசன் என்றே மாரப்பன் நினைத்தார். ஆளை எடைபோடுவதில் அவருக்கு அவ்வளவுதான் சாமர்த்தியம்.

சாயங்காலம் பழம் அளக்கும் இடத்தில் குருவம்மாள் கூடையைச் சாக்கில் கவிழ்த்தாள். சிவப்புக்கு நடுவே பச்சை பளிச்சென்று தெரிந்தது. "காயையா உருவுதே, எடுபட்ட சிறுக்கி?" பெரியமுத்துவின் பிரம்பு அவள் தோளில் இறங்கியது.

"நான் பறிக்கல கங்காணி" என்றாள். அதற்கு இன்னொரு அடி. முகத்தை மறைத்த கையில் அடுத்தது விழுந்து விரல் முட்டி பிளந்தது; ரத்தம் பழத்தின்மேல் சொட்டியது. வரிசையில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாரப்பன் முன்னால் வந்தார். "கங்காணி, நிறுத்துங்க. அது நான் போட்டதுங்க. கீழ எறிய மனசு வரலீங்க, அதான் கூடையில போட்டுட்டேன்."

பெரியமுத்து சிரித்தான். "கூலிக்காரிக்காக நீங்க எதுக்குய்யா பொய் சொல்லணும்?"

"பொய்யில்லீங்க. சத்தியமா நான்தானுங்க."

சிரிப்பு நின்றது. "அப்ப கூடையில விழுந்தது தெரியாம எங்க பராக்குப் பாத்துக்கிட்டு நின்னா இவ? அதுக்கு இது." மறுபடியும் அடித்தான். பிறகு பிரம்பைத் திருப்பிப் பிடியை அவர் பக்கம் நீட்டினான். "இந்தாங்க. காப்பி வைக்கப் போறீக. இதையும் இங்கனயே படிச்சுக்கிடுங்க."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். மாரப்பன் பிரம்பை வாங்கினார். வாங்கிய வேகத்தில் கங்காணியின் செவிட்டோடு சேர்த்து ஒன்று இழுத்தார். அவன் விழுந்தான். விழுந்தவனையும் விடவில்லை. முதுகு, கால், முகம் என்று பார்க்காமல் விளாசினார். முதல் அடிதான் குருவம்மாளுக்காக. அப்புறம் விழுந்ததெல்லாம் தன் தப்பின்மேல் இருந்த வெறி. கங்காணியின் வாய் கிழிந்து ஒரு பல் தெறித்தது.

"போதும் சாமி." குருவம்மாள் குறுக்கே விழுந்து பிரம்பைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அடிச்சிட்டு மலையிறங்கிருவீக. விடிஞ்சா இவரு முன்னாலதான நாங்க நிக்கணும்? நீங்க அடிச்ச அடியெல்லாம் எங்க முதுகுலதான் திரும்பி விழும். போயிருங்க சாமி."

அவள் அதற்குமேல் மாரப்பனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையில் உட்கார்ந்து கங்காணியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வரிசை கலைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள், ஒருத்தி அவன் காலைப் பிடித்துவிட்டாள். குருவம்மாள் பிளந்த கையால் முந்தானையை நனைத்து அவன் வாயைத் துடைத்தாள். எது அவன் ரத்தம், எது அவள் ரத்தம் என்று தெரியவில்லை. "ஒண்ணுமில்ல கங்காணி, ஒண்ணுமில்ல" என்று பிள்ளையைத் தேற்றுவதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.