பல் டாக்டரும் மாஸ்டரின் குரலும்

பல் டாக்டருக்கு உடற்பயிற்சி என்றாலே வேப்பங்காய். லிஃப்ட் கெட்டுப்போனால் மூன்றாவது மாடியிலிருந்த தன் கிளினிக்குக்கே விடுமுறை விட்டுவிடுகிற ஆள். மனைவி நச்சரித்து ஜிம்மில் சேர்த்துவிட்டாள். அங்கேதான் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர் வந்து வாய்த்தார். ஒல்லியான மனிதர், குரல் மட்டும் வெண்கலம். "இன்னும் ஒண்ணே ஒண்ணு சார்! உங்களால முடியும்!" என்று அவர் காதோரம் முழங்கினால் டாக்டருக்கு எங்கிருந்துதான் தெம்பு வருமோ, மலைபோன்ற எடையையும் தூக்கிவிடுவார்.

வினையே அதுதான். அந்தக் குரல் இல்லாமல் அவருக்குச் சட்டைப் பொத்தான் போடக்கூடக் கை எழவில்லை.

"என்னங்க, உங்களால முடியும்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள்.

"நீ சொன்னா தெம்பு ஏறமாட்டேங்குதும்மா" என்றார் பரிதாபமாக. வேறு வழியில்லாமல் மாஸ்டரையே கிளினிக்குக்கு அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

அன்று முதலில் வந்தவர் ஒரு பருத்த வக்கீல். கடைவாய்ப் பல் அசைவேனா என்றது. "விடாதீங்க சார்! மூச்ச வெளிய விடுங்க!" என்றார் மாஸ்டர். டாக்டர் ஒரே இழுப்பு. பல் கையோடு வந்துவிட்டது. மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. பழக்கதோஷம், வாய் சும்மா இருக்குமா?

"சூப்பர் சார்! இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

டாக்டரின் இடுக்கியும் தன்னையறியாமல் அடுத்த பல்லுக்குப் போனது. வக்கீல் கழுத்தில் கட்டிய துணியோடு குதித்திறங்கி, படிகளில் உருளாத குறையாக ஓடி, தெருமுனையைத் தாண்டிவிட்டார். "சார், மன்னிச்சிருங்க, நில்லுங்க சார்!" என்று மாஸ்டர் பின்னாலேயே ஓடினார். அந்தக் குரல் கேட்கக் கேட்க வக்கீலின் வேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வக்கீல் வந்து நின்றார். வழக்குப் போடத்தான் வந்திருக்கிறார் என்று டாக்டர் நாற்காலிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"கல்யாணம் ஆனதுலேருந்து நான் ஓடினதே இல்ல டாக்டர். நேத்து என்னமா ஓடினேன்! அந்த மாஸ்டர் எங்க இருக்காரு?"

அந்த வாரமே வக்கீல் ஜிம்மில் சேர்ந்தார். மாஸ்டரின் "பிரமாதம்", "சபாஷ்" எல்லாம் அவர் பக்கம் சாய்ந்தன. டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. மாஸ்டர் வாய் திறக்குமுன்பே எடையைக் கூட்டித் தூக்கினார். விடுமுறை நாளிலும் கதவு திறக்குமுன் போய் நின்றார்.

கிளினிக்கில் இப்போது மாஸ்டர் தேவைப்படவில்லை. நாற்காலியில் யார் சாய்ந்தாலும் டாக்டருக்கு வக்கீல் முகமாகவே தெரிந்தது. எப்பேர்ப்பட்ட பல்லும் சொன்ன பேச்சு கேட்டு வந்தது.