பிடியை நீட்டி வந்தவன்

கொழும்பிலே சட்டசபையில் ஒரு பெரிய மனுஷர் எழுந்து, கண்டிக் கான்ஸ்டபிள் அம்புறோஸின் பேரைச் சொன்னார். "கொலைகாரனின் கத்திக்குத் தன் கையைக் கொடுத்து ஒரு துரையின் உயிரைக் காத்த வீரன்" என்றார். சபை கைதட்டிப் பாராட்டுத் தீர்மானமும் போட்டுவிட்டது. பேப்பரில் வந்ததை அவன் பெண்சாதி யோசப்பின் வெட்டிக் கண்ணாடி போட்டு, திருஇருதய ஆண்டவர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினாள். அம்புறோஸ் அந்தச் சுவர்ப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. அந்த வீரம் பொய் என்று அவனுக்குத்தானே தெரியும்!

நடந்தது இதுதான். மாயழகு என்று ஒருவன், ஹந்தானை மலையில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவன். கங்காணியோடு வாய்த்தகராறு, வேலை போயிற்று. தோட்டத்தை விட்டுப் போகிறவன் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிக் கொடுத்தால்தான் பத்துச்சீட்டு கிடைக்கும். அந்தச் சீட்டு இல்லாதவனை வேறெந்தத் தோட்டமும் வாசலில்கூட நிற்க விடாது. பாழாய்ப்போன கங்காணி கத்தியை வாங்கமாட்டேன் என்றுவிட்டான். "துரை கையிலேயே கொண்டுபோய்க் கொடு, போ!"

தோட்டத்துத் துரை கண்டிக்குப் போயிருக்கிறார் என்று கேட்டு, மாயழகு மலையிறங்கி ஓடிவந்தான். வாவிக்கரையில் அவர் காரில் ஏறப்போகிற நேரம். "துரைகளே! துரைகளே!" என்று கத்திக்கொண்டு, கத்தியோடு ஓடினான். அட மடையா, பட்டணத்தில் அப்படி ஓடலாமா? "ஐயோ, வெட்ட வர்றான்!" என்று எவனோ அலற, சந்தியில் நின்ற அம்புறோஸ் பாய்ந்துவிட்டான்.

இரண்டு பேரும் ரோட்டில் உருண்டார்கள். அம்புறோஸின் உள்ளங்கை கிழிந்தது. ஆனால் அவன் வயிற்றில் குத்திக்கொண்டிருந்தது கத்தியின் பிடி. அலகை மாயழகுதான் தன் கைக்குள் வைத்திருந்தான், எலும்பு தெரிய வெட்டுப்பட்டு. அம்புறோஸுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அவனும் தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்தவன்தான். துரைமாரிடம் கத்தியை ஒப்படைக்கிறவன் அலகைத் தான் பிடித்துக்கொண்டு பிடியை முன்னே நீட்ட வேண்டும், அதுதான் அங்கே மரியாதை.

அம்புறோஸ் ஆஸ்பத்திரியில் கிடந்தபடியே இதைச் சொன்னான். காய்ச்சலில் உளறுகிறான் என்றார்கள். எழுந்து நடந்து ஸ்டேஷனுக்கு வந்து மறுபடி சொன்னான். அதற்குள் சபை கைதட்டி முடித்திருந்தது.

"சபையே சொல்லிப் போட்டுது" என்றார் யாழ்ப்பாணத்துக்காரரான இன்ஸ்பெக்டர் வீரசிங்கம். "நீர் இல்லையெண்டு சொன்னால் ஆர் பொய்யர்? பேசாமல் இரும் ஐசே."

பேசாமல் இருக்க அவனால் முடியவில்லை. வழக்கன்று கோட்டில் சாட்சிக் கூட்டில் ஏறி, வேதப்புத்தகத்தைத் தொட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னான். "அவன் வெட்ட வரலீங்க, கத்தியைக் கொடுக்க வந்தான். அலகைக் கையில பிடிச்சுக்கிட்டு எவனாவது வெட்டப் போவானுங்களா?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கூண்டுக்குள் மாயழகு முதல் தடவையாகத் தலை தூக்கினான். ஆண்டவரே, பிழைத்தான் என்று அம்புறோஸ் மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டான்.

"தன்னை வெட்டினவனுக்கே இரங்கிப் பேசுகிற மனசு!" என்றார் நீதிபதி. "சட்டசபை சரியான ஆளைத்தான் பாராட்டியிருக்கிறது."

கத்தியைப் பறிக்கிற இழுபறியில் மாயழகின் கை வெட்டுப்பட்டதாகத் தீர்ப்பாயிற்று. வருஷக்கணக்கில் கடூழியச் சிறை. துரை வந்து அம்புறோஸின் கட்டுப்போட்ட கையைப் பிடித்துக் குலுக்கினார். வலி உச்சந்தலைக்கு ஏறியது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

வெளியே மாயழகின் பெண்சாதி இரத்தினம்மா நின்றாள், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. மண்ணை வாரித் தூற்றப் போகிறாள், தூற்றட்டும் என்று அம்புறோஸ் தலைகுனிந்து போய் நின்றான்.

"ஐயா, அந்தக் கத்தி எங்கங்க?"

அவனுக்கு விளங்கவில்லை.

"நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பிராவைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. கத்தி வந்தாத்தான் பத்துச்சீட்டாம், குடும்பத்துக்கே அந்த ஒரு சீட்டுத்தானுங்களே. அது இல்லாம இந்தப் பிள்ளைகளோட நான் எந்தத் தோட்டத்துக்குப் போறதுங்க? கொஞ்சம் கேட்டு வாங்கித் தாங்களேன்."

அம்புறோஸ் விழுந்தடித்து உள்ளே ஓடினான். கத்தி துண்டு கட்டப்பட்டு அலுமாரிக்குள் இருந்தது, கண்ணாலும் கண்டான். கிளாக்கர் சிரித்தார். "ஞாபகத்துக்கு வேணுமாக்கும்! அது இனிமே கோட்டுப் பொருள். யார் வந்து கேட்டாலும் தரமுடியாது." அம்புறோஸ் கெஞ்சினான், காலில் விழாத குறை. அவர் அலுமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

வெறுங்கையோடு திரும்பி வந்தான். "தரமாட்டாங்களாம், தாயி."

இரத்தினம்மா நம்பமுடியாமல் பார்த்தாள்.

"பெரிய சபையே கைதட்டின ஆளு நீங்க" என்றாள். "நீங்க கேட்டுமா தரலை?"