கையிருப்புச் சிரிப்பு

விடியுமுன் வாவித் தண்ணீரில் இறங்கினால் முதலில் கால் விறைக்கும், பிறகு ஒன்றும் தெரியாது. தனுஷியா அப்படித்தான் சொல்வாள். கரையில் நின்ற நாங்கள் அதை நம்பினோம். அத்தாங்கு வலையைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் அவள் நிற்பாள். முழங்கால்வரை சேற்றில் புதைந்தபடி யதுர்ஷன் கமெராவோடு நிற்பான். கிழக்கு வெளுக்கும்போது வருகிற அந்த மெல்லிய வெளிச்சம் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஒரு வாரத்துக்கு வேண்டிய இறால் முழுவதையும் அவள் அதற்குள் பிடித்து முடிக்க வேண்டும்.

இறால் என்றால் ஏறாவூர்ச் சந்தையில் முதல் நாள் வாங்கிய இறால். அதை வலைக்குள் போட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி, "இஞ்ச பாருங்க, எவ்வளவு" என்று தூக்கிக் காட்டுவாள். பிறகு கரையேறுவாள். கண்டல் மரங்களுக்குப் பின்னால் அன்னப்பூரணி அக்கா சேலையொன்றை மறைப்பாகப் பிடிக்க, ஈரச் சட்டையைக் கழற்றி வேறு சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் இறங்குவாள். அதே இறால் மறுபடியும் பிடிபடும். பார்க்கிறவர்களுக்கு அது வேறொரு நாள். வெயில் ஏறியதும் இறால் நாறத் தொடங்கும். அப்போதும் மூக்கைச் சுளிக்காமல் சிரிக்க வேண்டும்.

எங்கள் சேனலின் பெயர் 'வாவிக்கரைத் தங்கச்சி'. தனுஷியாதான் தங்கச்சி. கிரானில் அவளுடைய தகப்பனின் வயல் வட்டை இரண்டு போகம் வெள்ளத்தில் போனபிறகு வீட்டில் உழைக்கிறவள் அவள் ஒருத்திதான். சமையலும் உடுப்பும் அன்னப்பூரணி அக்கா பொறுப்பு. படம் பிடித்து வெட்டி ஒட்டுவது யதுர்ஷன். நான் நிஸ்றா, ஏறாவூர். முகம் காட்டுவதில்லை. எதை எந்த வரிசையில் எடுப்பது, எந்தச் சட்டைக்கு எந்தக் கறி என்று திட்டம் எழுதுவது என் வேலை. ஒரு சிரிப்பும் என் கணக்கில் உண்டு. தங்கச்சி ஏதாவது கோமாளித்தனம் செய்தால் கமெராவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி சிரிப்பாளே, அவள் நான்தான்.

முதலாளி நல்லரத்தினம் அண்ணன் முன்பு கலியாண வீடுகளில் படம் எடுத்தவர். கனடாவிலும் கட்டாரிலும் இருந்துகொண்டு ஊரை நினைத்து ஏங்குகிறவர்களுக்கு ஊரை விற்கலாம் என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். கெட்டிக்காரர், அதில் குறை சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் எங்களுக்கு நாள் சம்பளம் தந்தார். பிறகு, "நாள் சம்பளமெண்டா நீங்க அசைய மாட்டீங்க. வீடியோக் கணக்கெண்டா எல்லாருக்கும் நல்லம்" என்று மாற்றினார். எல்லாருக்கும் என்றால் யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. வீடியோக்கள் கூடின, கைக்கு வந்தது குறைந்தது. மழையென்று ஒரு காலை தவறினால், அடுத்த காலையில் அதையும் சேர்த்து எடுத்தோம்.

அன்று மாசிப் பனி வாவியை மூடியிருந்தது. துறைப் பலகைமேல் தங்கச்சி குடத்தோடு நடந்து போவதுதான் எடுக்க வேண்டியது. அந்தப் பலகை உக்கிப் போனது. அதை மாற்றும்படி யதுர்ஷன் முன்பே சொல்லியிருந்தான். "பழசா இரிக்கிறதுதாண்டா வடிவு. புதுப் பலகை போட்டா ஆர் பார்க்கிற?" என்று நல்லரத்தினம் அண்ணன் சிரித்தார். செருப்பும் போடக் கூடாது. தங்கச்சி செருப்புப் போடுவதில்லை.

அன்றைய திட்டத்தில் ஒரு விழுகையும் இருந்தது. பிறர் விழுந்தால் சனம் விரும்பிப் பார்க்கும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தலை நனைந்துவிட்டால் அதற்குப் பிறகு வேறெதுவும் எடுக்க முடியாது என்பதால் அதைக் கடைசியில் வைத்திருந்தேன். ஆனால் தனுஷியா வேலைக்காரி. வெளிச்சம் போகிறதென்று பட்டால் வரிசையைத் தானே மாற்றிவிடுவாள், நாங்களும் சத்தமில்லாமல் அவளுக்குப் பின்னால் போவோம். அதனால் பலகை முறிந்து குடமும் அவளும் கீழே போனபோது, விழுகையை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தோம். யதுர்ஷன் கமெராவை அசைக்கவில்லை. அன்னப்பூரணி அக்கா தலை துவட்டுகிற துவாயை விரித்துக்கொண்டு நின்றாள். நான் சிரித்தேன்.

"அம்மா" என்றாள் தனுஷியா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்று யதுர்ஷன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினான். அவளுடைய வலது கால் இரண்டு பலகைகளுக்கு நடுவே சிக்கியிருந்தது. பாதம் பார்க்கக் கூடாத பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது நடிப்பில்ல புள்ள" என்று அன்னப்பூரணி அக்கா தண்ணீரில் இறங்கினாள். அதன் பிறகுதான் நாங்கள் ஓடினோம்.

ஓட்டோ வந்து சேர முன்பே நல்லரத்தினம் அண்ணன் வந்துவிட்டார். முறிந்த பலகையைப் பார்த்தார், தனுஷியாவைப் பார்த்தார், யதுர்ஷனிடம், "எடுபட்டிச்சா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். தகடு வைத்தார்கள். மாதக் கணக்கில் கால் ஊன்றக் கூடாதாம். நல்லரத்தினம் அண்ணன் தோடம்பழப் பையோடு வந்து கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம் என்று அன்னப்பூரணி அக்கா என் காதில் சொன்னாள். தனுஷியா மட்டும் எப்போதும்போல அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

அந்த வாரமே அந்த வீடியோ வெளியில் வந்தது. பலகை முறிகிறது, குடம் பறக்கிறது, அவள் கீழே போகிறாள், நான் சிரிக்கிறேன். 'அம்மா' வருமுன் வெட்டியிருந்தார்கள். யதுர்ஷன் வெட்டவில்லை, நல்லரத்தினம் அண்ணன் அவனிடமிருந்து கமெரா அட்டையை வாங்கி வேறு யாரிடமோ கொடுத்திருக்கிறார். என் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்ப ஒட்டி ஒரு தாளமாக்கியிருந்தார்கள். எங்கள் வீடியோ எதுவும் அதுவரை அந்த ஓட்டம் ஓடியதில்லை. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோறு தின்றேன். சோற்றின் உருசியும் தெரியவில்லை.

மறுநாள் மூவரும் நல்லரத்தினம் அண்ணனிடம் போனோம்.

"அந்த வீடியோவ இறக்குங்க அண்ணன்" என்றான் யதுர்ஷன்.

"ஏன்? அதுதான் இப்ப ஓடுது."

"அவள் மெய்யா விழுந்தவள்."

"விழுறது பிளான்ல இரிக்கி." அவர் என் பக்கம் திரும்பினார். "நிஸ்றா, நீதானே எழுதின? எழுதினியா இல்லியா?"

"விழுறத எழுதினன். கால் உடையிறத எழுதல்ல."

அவர் கதிரையில் சாய்ந்தார். "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"வேலைக்குள்ள நடந்தது. கால் சுகமாகும் மட்டும் அவள்ற சம்பளம் நிக்கக் கூடாது. அந்த வீடியோ இறங்கணும்" என்றேன்.

"எடுக்காத வீடியோவுக்கு எப்பிடிச் சம்பளம்? நாமெல்லாம் ஒரு குடும்பம். குடும்பத்துக்குள்ள இப்பிடியெல்லாம் கதைக்கலாமா?"

"உங்கட மகள் விழுந்தா, அத வச்சு உழைப்பீங்களா தம்பி?" என்றாள் அன்னப்பூரணி அக்கா.

அவருடைய முகம் கறுத்தது. "கதிரவெளியில ஒரு பெட்டை பார்த்திரிக்கன். தனுஷியாட சட்டை அவளுக்கு அளவா இரிக்கும். வேலை நிக்காது."

"அப்ப நாங்க எடுக்க மாட்டம்" என்றான் யதுர்ஷன். அவன் அதை யோசித்துச் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. சொன்னபிறகு நாங்கள் இருவரும் அவனுக்குப் பக்கத்தில் நெருங்கி நின்றோம்.

நல்லரத்தினம் அண்ணன் சிரித்தார். "எடுக்காம இரிங்க. சித்திரை வருசம் வரைக்கும் எடுத்து வச்ச வீடியோ கையிருப்பு இரிக்கி. நீங்க வீட்ட படுத்துக் கிடங்க. போனுக்குள்ள நீங்கதான் வேலை செய்வீங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆலை நின்றால் சத்தம் நிற்கும். தோணிக்காரர் போகாவிட்டால் சந்தையில் மீன் இருக்காது. நாங்கள் வேலையை நிறுத்தினோம், ஒன்றும் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் மாலையில் தங்கச்சி இறால் பிடித்தாள், நண்டுக் கறி வைத்தாள், துறையில் ஆடினாள். பக்கத்து வீட்டுப் போனிலிருந்து வேலிக்கு மேலால் என் சிரிப்பு வந்தது. "வேலைக்குப் போகல்லெண்டா, சத்தம் கேக்குதே மகள்" என்றார் உம்மா. பழைய சிரிப்பு என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. சில நேரம் எனக்கும் விளங்கவில்லை.

கிரானில் நிலைமை இன்னும் மோசம். தனுஷியாவைப் பார்க்க வந்த பெண்கள் மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். "நேத்தும் ஆடினாயேடி, இது என்ன புது நாடகம்?" என்று ஒருத்தி கேட்டாளாம். நாங்கள் மூவரும் பார்க்கப் போயிருந்தபோது இதைச் சொன்ன தனுஷியா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனுக்குள்ள நிக்கிறவள்தான் மெய்யான நான் போல இரிக்கி நிஸ்றா. இஞ்ச கிடக்கிறவள் ஆரெண்டு தெரியல்ல."

அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை சில்லென்றிருந்தது.

"மில்லுல வேலை நிறுத்தினா அதச் செய்ய வெளியாள் கருங்காலி வருவான்" என்றாள் அன்னப்பூரணி அக்கா. இளவயதில் அரிசி ஆலையில் வேலை செய்தவள் அவள். "நமக்கு நம்மட மூஞ்சியே கருங்காலி."

யதுர்ஷன் சிரிக்கப் பார்த்து விட்டுவிட்டான். தொழில் திணைக்களக் கந்தோரில் முறைப்பாடு கொடுத்திருந்தோம். விசாரிப்போம் என்றிருந்தார்கள். அது நடக்கும்போது நடக்கட்டும். அதுவரைக்கும் என்ன செய்வது என்பதுதான் அன்று எங்கள் முன்னால் கிடந்தது.

எனக்கு ஒன்று மட்டும் தெரியும். திட்டம் போட்டவள் நான். கையிருப்பு எதில் முடியும் என்று எனக்குத் தெரியும். வருசப் பிறப்பு வீடியோ ஒன்றுகூட நாங்கள் எடுத்து வைக்கவில்லை. தலையில் வைக்கிற மருத்துநீர், புது உடுப்பு, பெரியவர்கள் காசு கொடுக்கிற கைவிசேசம் எல்லாம் இனித்தான் எடுக்க வேண்டும். அது இல்லாமல் தங்கச்சி வருசத்தைக் கடக்க முடியாது. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள்.

"அப்ப அவர் துறைக்கு வரத்தான் வேணும்" என்றான் யதுர்ஷன்.

"வருவார். கதிரவெளிப் பெட்டையையும் கூட்டிக்கொண்டு வருவார்."

"நாம அங்க போய் இரிப்பம். சத்தம் போட வேணாம், ஒண்டும் வேணாம். இரிப்பம்" என்றாள் அன்னப்பூரணி அக்கா.

தனுஷியா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "என்னையும் கொண்டு போங்க."

கமெரா வாடகைக்குக் கொடுக்கிறவன் யதுர்ஷனின் கூட்டாளி. எந்த நாள் விடியலில் எடுக்கப்போகிறார்கள் என்று அவன் சொல்லிவிட்டான். நான் சுபஹு தொழுதுவிட்டு ஸ்கூட்டியில் போனேன். மற்றவர்கள் தனுஷியாவை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். மாவுக்கட்டு நனையாமல் பொலித்தீன் பையால் சுற்றியிருந்தோம். துறை தொடங்குகிற இடத்தில் அவளைக் கதிரையில் இருத்திவிட்டு, அவளைச் சுற்றி நாங்கள் நிலத்தில் இருந்தோம். பனி கழுத்துக்குள் இறங்கியது. பயமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. பயப்படவும் கொஞ்சம் உயிர் வேண்டும்.

நல்லரத்தினம் அண்ணன் வான் வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் புதிய கமெராக்காரன். அவனுக்குப் பின்னால் விதுர்ஷா என்ற அந்தக் கதிரவெளிப் பிள்ளை, தனுஷியாவின் பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். சட்டை அளவாகத்தான் இருந்தது.

"எழும்புங்க. வெளிச்சம் வருகுது" என்றார் அவர்.

"நாங்க ஒண்டும் செய்யல்லியே அண்ணன். இரிக்கிறம்" என்றான் யதுர்ஷன்.

"இது நான் குத்தகைக்கு எடுத்த துறை. பொலிசுக்குச் சொல்லட்டா?"

"சொல்லுங்க. வந்து பலகையையும் பார்க்கட்டும்" என்றேன்.

அவர் கமெராக்காரனை அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார், இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். எந்தப் பக்கம் நின்றாலும் படத்தில் ஒரு மாவுக்கட்டு வந்தது. கடைசியில், "நீ போ. போய்க் குடத்தோட நட" என்று விதுர்ஷாவிடம் குடத்தைக் கொடுத்தார்.

அந்தப் பிள்ளை குடத்தை வாங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்து தனுஷியாவின் முன்னால் நின்றது.

"அக்கா, அது மெய்யாவே விழுந்ததா? நான் அதப் பார்த்துச் சிரிச்சனான்."

"எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள் தனுஷியா. அவள் குரலில் கோபமில்லை. "அந்தப் பாயத் தூக்கிப் பாரு."

துறையின் நடுவே புதிய பன்பாய் ஒன்று விரித்திருந்தது. படத்துக்கு வடிவாக இருக்கும். விதுர்ஷா குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் போய்க் குனிந்து அதன் ஒரு முனையைத் தூக்கினாள். முறிந்த பலகை முறிந்தபடியே கிடந்தது. கீழே தண்ணீர் கறுப்பாகத் தெரிந்தது. பிறகு பாயை முழுதாகச் சுருட்டி ஓரத்தில் வைத்தாள்.

"உனக்குச் சம்பளம் வேணாமா?" என்று கேட்டார் நல்லரத்தினம் அண்ணன்.

"வேணும் அண்ணன். நடக்கக் காலும் வேணும்."

புதிய கமெராக்காரன் கமெராவைத் தோளிலிருந்து இறக்கினான். அவன் எங்கள் ஆளுமில்லை, அவருடைய ஆளுமில்லை. கூலிக்கு வந்தவன். ஆனாலும் அதை மறுபடி தூக்கவில்லை.

வாவிக்கு அப்பால் சூரியன் வந்துவிட்டது. மெல்லிய வெளிச்சம் போய், கண்ணைக் கூசுகிற வெயில் தண்ணீரில் விழுந்தது. அந்த வெயிலில் தங்கச்சி வடிவாக இருக்க மாட்டாள், யாருமே வடிவாக இருக்க மாட்டார்கள்.

"இண்டைக்குப் போச்சு" என்றார் அவர், யாரிடமென்று இல்லாமல்.

"நாளைக்கும் விடியும்தானே தம்பி" என்றாள் அன்னப்பூரணி அக்கா. "நாங்களும் வருவம்."

அவர் வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். ஆனால் வான் புறப்படவில்லை, கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்களும் எழும்பவில்லை. விதுர்ஷா குடத்தை எடுக்காமல், நனையாத பச்சைச் சட்டையோடு எங்களருகே வந்து நின்றாள். தனுஷியா தன் காலைக் கையால் தூக்கிக் கொஞ்சம் ஒதுக்கி, அவளுக்கு இடம் கொடுத்தாள்.